லாரி காலியாகும் வரை

பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி முழுசாகக் காலியாக இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதுவரை டூட்டிக்காரர் நகரக் கூடாது. நீலாம்பரி அப்பார்ட்மெண்ட் சங்கத்தின் விதி அது. லிஃப்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மேடவாக்கம் தாண்டி இந்தப் பக்கம் எத்தனை அடி போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான், ஆகவே ஒரு நாளைக்கு ஆறு லாரி. லாரிக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுப் பேர்வழிகள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சங்கம் ஒருமனதாகக் கண்டுபிடித்து, லாரிக்கு ஒரு வீடு என்று முறை வைத்துவிட்டது. முறை வந்த வீட்டுக்காரர் கீழே இறங்கி, ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, தண்ணீர் கழுத்துவரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பு பார்க்கும் பேனாவை ஒரு மக் தண்ணீரில் முக்கி அது காட்டும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். கடைசிச் சொட்டு தரைக்கடியில் இருக்கிற சம்ப்பில் விழும்வரை நின்று சிலிப்பில் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த வீடு, வாடகை வீடு என்ற பேதம் இந்த ஒன்றில் மட்டும் கிடையாது. நீச்சல் குளத்துக்கும் சங்கக் கூட்டத்துக்கும் உண்டு. இன்றைக்குப் பதினோரு மணி லாரி சி பிளாக் முந்நூற்று நான்கின் முறை. அதாவது சுகந்தியின் முறை. அவளுக்குப் பத்தடி தள்ளி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குழாயைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிற டிரைவர் அவளுடைய அப்பா.

அது இங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். மூன்றாவது ஆள், சுகந்தி தூக்கிவந்து போட்ட நாற்காலியில் முட்டிவலிக்குக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் வைஜயந்தி மேடம். முந்நூற்று நான்கின் சொந்தக்காரர்; ஏ பிளாக்கில் இருக்கிறார். பதினோரு மாத ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக வந்தவர். குளியலறைச் சுவரில் ஈரம் தட்டியிருக்கிறதா, கூடத்தில் ஆணி அடித்திருக்கிறார்களா, பால்கனிக் கம்பியில் துணி தொங்குகிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டு, நல்லா வெச்சிருக்கே என்று சொல்லி வாயை மூடுவதற்குள் இண்டர்காம் அடித்தது. லாரி வந்துடுச்சு, டூட்டி உங்களுது என்றார் செக்யூரிட்டி. இதற்கு முன் இரண்டு தடவை சுகந்தி தலைவலி என்று சொல்லி எதிர்வீட்டுடன் முறையை மாற்றிக்கொண்டாள். இன்றைக்கு வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நிற்கும்போது எந்தத் தலைவலியைச் சொல்வது. அதுவும் போதாதென்று, நானும் வரேன், இவங்களை எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லித்தரேன் என்று அவர் எழுந்துவிட்டார். லிஃப்ட் மூன்று மாடி இறங்குகிற நேரத்தில் சுகந்தி வேண்டாத தெய்வம் இல்லை. மூன்று டிரைவர்கள் மாறிமாறி வருகிறார்கள், வேறு ஆளாக இருக்கட்டும். கதவு திறந்தது. பின்கேட் வழியாக லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஆள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் நாலு தடவை முன்னும் பின்னும் போய் எடுக்கிற அந்தக் குறுகலான திருப்பத்தை ஒரே வெட்டில் எடுக்கிறவர் ஒருத்தர்தான். பெருமையாகத்தான் இருந்தது, ஒரு கணம். பிறகு, பெருமைப்பட உனக்கு என்ன யோக்கியதை என்று மனசு கேட்டது.

"மேடம், மேல ஏறி மூடியப் பாக்குறீங்களா?" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே அந்த மேடம்தான். குரலில் ஒரு பிசிறு கிடையாது. எத்தனையோ அப்பார்ட்மெண்டில் எத்தனையோ மேடம்களிடம் சொல்லிப் பழகிய குரல், சோற்றுக்கு உப்பு கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதைக் கேட்டதும் சுகந்திக்கு என்ன வந்திருக்க வேண்டும்? அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. அதை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. மேடம் என்று அவர் கூப்பிட்டதுகூட இல்லை, தனக்குள் அப்பாடா என்று ஒன்று வந்து உட்கார்ந்ததே, அதுதான். ஏணியில் ஏறினாள். இரண்டாவது படியில் செருப்பு வழுக்கியது. கீழே நின்றவரின் கை சட்டென்று மேலே வந்தது, அவள் முழங்கையைப் பிடிக்க ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது, திரும்பிப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டது. வைஜயந்தி மேடம் கீழிருந்து, நல்லா எட்டிப் பாரு, கழுத்துவரைக்கும் இருக்கா என்றார். கழுத்துவரை இருந்தது. அதற்கும் ஒரு கையளவு மேலேயே இருந்தது. மகள் வீட்டுக்கு ஊற்றுகிற தண்ணீர் என்று அவர் நீர் பிடிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் கூட நின்று நிரப்பியிருப்பார். அப்படிச் செய்யக்கூடிய ஆள். அவள் இறங்கி, இருக்கு மேடம் என்று சொன்னாள்.

எண்ணும் சரியாகத்தான் இருந்தது, நோட்டில் எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு மாதம் முன்பு ஏதோ ஒரு லாரித் தண்ணீரில் வாடை வந்து ஏ பிளாக் முழுக்க வயிற்றுப்போக்கு. அதிலிருந்து வைஜயந்தி மேடம் பேனாவை நம்புவதில்லை. குடிச்சுக் காட்டுப்பா என்றார். அதட்டலாக இல்லை, தயவாகத்தான் சொன்னார். அதட்டியிருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம் என்று சுகந்திக்குத் தோன்றியது. அப்பா மக்கை வாங்கினார். அவள் சமையலறையிலிருந்து எடுத்துவந்த நீல மக். அண்ணாந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, உதடு படாமல் ஊற்றிக் குடித்தார். தொண்டை நாலைந்து தடவை ஏறி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போகும்போது சுகந்தி வைத்துவிட்டுப் போன பாதி டீயை எடுத்து, ஆறிப்போச்சு என்று முனகிக்கொண்டே குடித்துவிடுகிறவர் அவர். எச்சில் என்று ஒன்று அவர்களுக்குள் என்றைக்கும் இருந்ததில்லை. இங்கே அவர் மகளுடைய மக்கில் வாய் வைக்கவில்லை. குடித்து முடித்து, நல்லாத்தாங்க இருக்கு என்று மக்கை நீட்டினார். சுகந்தி வாங்கப் போனபோது வைஜயந்தி மேடம் குரலைத் தாழ்த்தி, இதை இனிமே உள்ள எடுத்துண்டு போகாதே, லாரிக்குன்னு கீழயே வெச்சுடு என்றார். தாழ்த்திய குரல்தான், ஆனால் பத்தடிக்குக் கேட்காமல் இருக்குமா. சுகந்தி தலையை ஆட்டினாள். ஆட்டினாள் என்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். ஏன் மேடம், நல்லா கழுவிட்டா போச்சு என்று சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். ஒரு மக்கில் என்ன தெரிந்துவிடப் போகிறது. இப்போது மக் அவள் காலடியில், சம்ப்பு மூடிக்குப் பக்கத்தில், கவிழ்ந்து கிடக்கிறது. வால்வு திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இப்படித் தெரியாத மாதிரி நடந்துகொள்வதெல்லாம் அப்பாவே சொன்னதுதான். அவள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாரம் முன்பு போன் செய்து, குழந்தை மாதிரிச் சந்தோஷத்தோடு, முதலாளி புது ரூட் குடுத்திருக்காரும்மா, ஒன் வீட்டுக்குத்தாம்மா தண்ணி ஊத்தப்போறேன் என்றார். அவள் ஒரு நிமிடம் பேசவில்லை. அவர்தான், தானாகவே, பயப்படாத தாயி, நான் பாட்டுக்கு வந்து ஊத்திட்டுப் போயிடுவேன், தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன் என்றார். அப்படித்தான் சொன்னார். அவருக்குத் தெரியாத உலகமா. பெரிய இடங்களில் எப்படி நடந்துகொள்வது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். மனசு இருக்கிறதே, அது ஊரிலுள்ள வக்கீல்களையெல்லாம் விலைக்கு வாங்கிவிடும். அந்த ஒரு நிமிட மௌனத்தை மட்டும் அதனால் வாங்க முடியவில்லை. அவள் அப்போதே சிரித்து, வாங்கப்பா, வந்தா மேல வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க என்று சொல்லியிருந்தால் அவர் ஏன் பயப்படாத தாயி என்று சொல்லப்போகிறார்.

குழாய் பாம்பு மாதிரி நெளிந்து சம்ப்புக்குள் இறங்குகிறது. லாரியின் இணைப்பில் எங்கோ லேசாக ஒழுகி, அப்பாவின் சட்டை விளிம்பில் தெறிக்கிறது. அந்தச் சட்டை. சுகந்தி இதுவரை சட்டையைப் பார்க்காமல் இருக்கத்தான் முயற்சி செய்தாள். போன தீபாவளிக்கு அவள் எடுத்துக்கொடுத்த மாம்பழக் கலர் அரைக்கைச் சட்டை. கோயில், கல்யாணம் என்றால் போடுங்கப்பா, லாரிக்குப் போட்டுக் கறையாக்கிடாதீங்க என்று சொல்லிக் கொடுத்தாள். மற்ற டிரைவர்கள் பனியனோடு வருகிறார்கள். இவர் இஸ்திரி போட்டு வந்திருக்கிறார். இந்த ரூட் என்றைக்கெல்லாம் வருகிறதோ அன்றைக்கெல்லாம் இதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்போலிருக்கிறது; காலரில் துவைத்துத் துவைத்து வெளுத்த கோடு. மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும் என்றுதானே. அவள் எட்டிப் பார்க்கவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். மின்விசிறியைக்கூட வேகமாக வைப்பாள். ஒருநாள் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவர் வேலையெல்லாம் முடிந்து, லாரிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியாக எண்ணிக்கொண்டிருந்தார். எந்த பிளாக் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எண்ணி முடித்து ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.

ஒரு பொய்தான். அதுவும் முழுப் பொய் கிடையாது. இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கு, அதற்கு முன் நாலு வீடு கைநழுவிப் போயிருந்தது. ஒருவர் குழந்தை இருக்கிறதென்றார், ஒருவர் கணவனுக்கு ஷிப்ட் வேலையா என்றார், இரண்டு பேர் எந்தக் காரணமும் சொல்லாமல் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் சொல்லாதவர்கள்தான் தூக்கத்தைக் கெடுத்தார்கள். வைஜயந்தி மேடம் அந்த வீட்டுக் கூடத்தில் நின்று, சுற்றிவளைத்து, உங்க மாமனார் என்ன பண்றார் என்று அவள் கணவன் திருமாறனிடம் கேட்டார். திருமாறனின் அப்பா கரூரில் பள்ளி ஆசிரியர், அதைப் பற்றி முதலிலேயே பேச்சு வந்துவிட்டது, ஆகவே கேள்வி இவள் பக்கத்துக்கு. திருமாறன் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி முந்திக்கொண்டாள். எங்கப்பா தண்ணி சப்ளை டிபார்ட்மெண்ட்ல இருந்தார் மேடம், ரிட்டயர் ஆயிட்டார். வாய் கூசாமல் வந்தது. முதல்நாளே யோசித்து வைத்த மாதிரி வந்தது. தண்ணீர், சப்ளை, இரண்டும் உண்மைதானே. கூடவே ஒரு டிபார்ட்மெண்ட்டை நுழைத்தாள், அவ்வளவுதான். லிஃப்டில் இறங்கும்போது திருமாறன், எதுக்கு என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான். சாவி கையில் வந்ததா இல்லையா என்று இவள் கேட்டாள். அவன் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. உன் அப்பா, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டதில் ஒரு மரியாதை இருந்தது, அது இவளைக் குத்திக்கொண்டே இருந்தது. இன்னொன்றும் உண்டு, அதை அவள் அதிகம் தொடுவதில்லை. லாரி டிரைவர் என்று சொல்லியிருந்தாலும் வைஜயந்தி மேடம் வீட்டைக் கொடுத்திருக்கலாம். பிரசவித்த பூனைக்குத் தினமும் பால் ஊற்றுகிற பெண்மணி. மகள் மகிழினிக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி ரசம் வைத்து அனுப்பியவர். கேட்காமலே ஒருவரைக் குறுகலானவர் என்று தீர்மானித்து, அந்தக் குறுகலுக்குள் தன் அப்பாவை மடக்கி மடக்கித் திணித்தது யார்.

மகிழினி. பதினொன்றரை. சுகந்தியின் கண் தானாகவே கிளப் ஹவுஸ் பக்கம் போனது. சம்ப்புக்கு எதிரே இருபதடியில் நீல வேலி, அதற்குள்தான் பிளே ஸ்கூல். பதினொன்றரைக்கு மணி அடித்துப் பிள்ளைகளை வெளியே விடுவார்கள். நாலு வயது. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த ஆளின் தோளில்தான் உட்கார்ந்திருந்தாள். லாரித் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். நிறுத்தி வைத்திருக்கும் லாரியில் ஹாரன் அடிக்கவிடுகிற ஒரே தாத்தா. வேலியைத் தாண்டியதும் லாரியைப் பார்ப்பாள், லாரிக்குப் பக்கத்தில் நிற்கிற மாம்பழச் சட்டையைப் பார்ப்பாள், ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். நாலு வயதிடம் போய் எந்த விதியைச் சொல்வது. கடிகாரம் பதினொன்று பதினாறு. லாரியில் பாதிகூட இறங்கவில்லை. சுகந்தி வேலியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி வேலியை. சொந்தக் குழந்தை ஐந்து நிமிடம் தாமதமாக வெளியே வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவள் தலை நிமிர்ந்தபோது அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு அவரும் திரும்பி நீல வேலியைப் பார்த்தார். அதன் மேல் ஒட்டியிருந்த நேரப் பலகையைப் பார்த்தார்; எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். குனிந்து வால்வை இரண்டு கையாலும் பிடித்து முழுசாகத் திறந்தார்.

குழாய் துள்ளியது. இணைப்பிலிருந்து தண்ணீர் விசிறியடித்து அவர் முழங்கால்வரை நனைத்தது. வைஜயந்தி மேடம் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஏம்பா இவ்வளவு வேகமா விடறே, குழாய் பிச்சுக்கப் போறது என்றார். ஒண்ணும் ஆவாதுங்க, நான் மிதிச்சுக்குறேன் என்று அப்பா இரண்டு காலையும் குழாயின் மேல் வைத்து, லாரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபத்திரண்டு வயது. குழாய் உதறும் ஒவ்வொரு முறையும் அவர் உடம்பு மொத்தமும் உதறியது. எதற்காக இந்த வேகம் என்று அங்கே இரண்டு பேருக்குத் தெரியும். அவர் தன் பேத்தியிடமிருந்து தப்பி ஓடுவதற்காக மிதித்துக்கொண்டு நிற்கிறார். சொல்லிக்கொடுக்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கும்போதே, அந்த போன் பேச்சு மறுபடி வந்து நின்றது. இந்தத் தடவை அது கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. பயப்படாத தாயி என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் இவள் ஒன்று சொன்னாள். இங்கெல்லாம் ரூல்ஸ் ஜாஸ்திப்பா என்றாள். அவர், என்னாம்மா ரூல்ஸ் என்று வெகுளியாகக் கேட்டார். இவள் மென்று முழுங்கினாள். இல்லை, முழுங்கவில்லை. அதுவும் பொய். சொன்னாள். ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருக்கிறது. துணி மடித்துக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னாள். "அங்க வச்சு உங்களை அப்பான்னு சொல்ல முடியாதுப்பா, கொஞ்ச நாளைக்கு." கொஞ்ச நாளைக்கு என்று கடைசியில் சேர்த்தது, அது கருணை என்று நினைத்து. அதற்குப் பிறகுதான் அந்த மௌனம். அது அவளுடைய மௌனம் இல்லை, அவருடையது. அதற்கும் பிறகுதான் பயப்படாத தாயி. மூன்று வாரமாக அந்த வாக்கியத்தைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்து, அவரே சொன்னது என்று ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம். இப்போதே. மேடம், இவர் எங்கப்பா. மூன்றே வார்த்தை. வானம் இடிந்து விழாது. அதிகம் போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். இன்னொரு நாலு வீடு ஏறி இறங்கலாம். அல்லது, ஐயோ முன்னாடியே சொல்றதுக்கென்ன என்று அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, உட்காருங்கோ என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இன்னும் பெரிய பயமாக இருந்தது. அப்போது இந்தப் பதினோரு மாதமும் எதற்காக. ஏணியில் அவளைப் பிடிக்க வந்து பாதியில் நின்ற அந்தக் கை எதற்காக. மேடம் என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்தே விட்டாள். வைஜயந்தி மேடம் திரும்பவில்லை. அவர் லாரிப் பக்கம் பார்த்து, தன்பாட்டில் பேச்சை ஆரம்பித்திருந்தார். இவ்வளவு வெயிலில் இவ்வளவு வயதில் இந்த வேலை எதற்கு என்று அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

"ஏம்பா, உனக்குப் பிள்ளைங்க யாரும் இல்லையா?"

"ஒரே பொண்ணுங்க மேடம். கட்டிக் குடுத்துட்டேன்."

"உன்னைப் பார்த்துக்கறாளா? வந்து போறாளா?"

அப்பா குழாயைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அதெல்லாம் நல்லா பாத்துக்குதுங்க. தங்கமான புள்ள. வெளியூர்ல இருக்குது, தூரம். நான்தான் போறதில்ல."

வைஜயந்தி மேடம், பொண்ணுன்னா பொண்ணுதான், எங்க இருந்தாலும் அப்பான்னா உசிரு என்றார். ஆமாங்க என்றார் அவர். சுகந்தி ஆரம்பித்த மேடம் அப்படியே அந்தரத்தில் நின்றது. இனி எப்படிச் சொல்வது. இப்போது இவர் எங்கப்பா என்றால், வெளியூர் என்றாயே என்று அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். டிரைவர்கள் எல்லாரும் வாய் கூசாமல் புளுகுகிறவர்கள் என்று ஏற்கெனவே முடிவுகட்டி வைத்திருக்கிற இடத்தில், நாற்பது வருடம் ஒரு மக் தண்ணீர் குறைத்து ஊற்றாத மனுஷன் பொய்க்காரர் ஆவார். அவளைக் காப்பாற்ற அவர் சொன்ன ஒரு பொய், அவள் உண்மையைச் சொல்கிற வழியை அடைத்துவிட்டது. அது தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா. தங்கமான புள்ள என்று சொன்னபோது அவர் குரல் நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். நடுங்கவில்லை. அவர் அதை நிஜமாகவே நம்பிச் சொன்னார். இதற்குள்ளேயே எங்கோ ஒரு மூலையில், இருந்திருக்கவே கூடாத ஒரு மூலையில், அப்பாடா என்று அதே பழைய சத்தம் மறுபடியும் கேட்டது. தன்னை விட்டு எழுந்து எங்காவது போய்விட முடிந்தால் போய்விடலாம் போலிருந்தது. வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு தூரம் குனிந்தாலும் அவருக்கு எதிரே நிற்கிற அளவுக்குக் குள்ளமாக முடியவில்லை.

தண்ணீர் மெலிந்து, விட்டுவிட்டு விழுந்து, நின்றது. பதினொன்று இருபத்தேழு. அப்பா குழாயைக் கழற்றி, உள்ளே தங்கியிருந்ததையும் உயர்த்திப் பிடித்துச் சம்ப்பில் வடித்தார், அதையும் விடவில்லை. குழாயைச் சுருட்டி மாட்டினார். கையை லுங்கியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, சிலிப்புப் புத்தகத்தைப் பிரித்து, கார்பன் தாளைச் சரிசெய்து, இரண்டு கையாலும் நீட்டினார். டிரைவர் பெயர் என்ற இடத்தில் ஏகாம்பரம் என்று அவரே கஷ்டப்பட்டு எழுதியிருந்தார், புள்ளி எல்லாம் வைத்து. அதற்குக் கீழே பெற்றுக்கொண்டவர். சுகந்தி கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல் படாமல் பார்த்துக்கொண்டது அவளா அவரா என்று தெரியவில்லை. நகலைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு, அவர் வைஜயந்தி மேடத்துக்கும் கேட்கிற மாதிரி, பொதுவாகச் சொன்னார்.

"நாளையிலேருந்து வேற டிரைவர் வருவாருங்க மேடம். நான் இந்த ரூட்ட விட்டுடறேன்."

அய்யோ, நீ ஒருத்தன்தான் ஒழுங்கா முழுசா ஊத்தறே, ஏன் விடறே என்று வைஜயந்தி மேடம் கேட்டார். வயசாயிடுச்சுங்க, இந்தத் திருப்பத்துல வண்டிய எடுக்க செரமமா இருக்குது என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சுகந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் ஒன்றும் அவசியமில்லை, டூட்டிக்காரர் சரி என்று சொன்னால் கிளம்பவேண்டியதுதான், அதற்குத்தான் நின்றார். சொல்வதற்கு அவளிடம் ஏராளம் இருந்தது. போகாதீங்கப்பா என்று இருந்தது. நாளைக்கு மேல வந்து சாப்பிடுங்கப்பா என்று இருந்தது. பிளே ஸ்கூல் மணி எந்த நிமிடமும் அடிக்கலாம்.

"சரிங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். லாரி ஒரே வெட்டில் திரும்பிப் பின்கேட்டைத் தாண்டிப் போயிற்று. வைஜயந்தி மேடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுத்த பதினோரு மாதத்துக்கும் நீங்களே இருங்கோ, உங்களை மாதிரி மனுஷா கிடைக்கறது கஷ்டம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை எடுத்துக்கோ என்றார். சுகந்தி எடுத்துக்கொண்டாள்.